பயம் காட்டினால் படிப்பு வருமா? ‘ஃபெயில்’ விவாதத்தில் யாரும் பேசாத இரண்டு மாதங்கள்

2024 டிசம்பர் 23-ஆம் தேதி உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் அந்தச் செய்தி வந்திருக்கும். ‘5, 8-ஆம் வகுப்பில் இனி ஃபெயில் உண்டு.’ அதற்குக் கீழே பெரியப்பாவோ சித்தப்பாவோ கைதட்டும் எமோஜி போட்டு, கூடவே ‘அடியாத மாடு படியாது’ என்று எழுதியிருப்பார். நீங்களும் ஒரு தம்ஸ்-அப் போட்டிருக்கலாம். தப்பில்லை. பரீட்சைக்குப் பயந்து ராத்திரி கண்விழித்துப் படித்ததால்தான் இன்றைக்கு ஒரு நல்ல வேலையில் உட்கார்ந்திருக்கிறோம் என்று நம்மில் பலரும் நம்புகிறோம்.

அந்த நம்பிக்கைக்குள் ஒரு கோட்பாடு ஒளிந்திருக்கிறது. பிள்ளைகள் படிக்காததற்குக் காரணம் அக்கறை இல்லாதது. அக்கறை இல்லாததற்குக் காரணம் பயம் இல்லாதது. பயத்தைத் திருப்பிக் கொண்டுவந்தால் படிப்பு தானாக வந்துவிடும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தியப் பள்ளிகளில் இருந்து கிடைக்கும் எண்களை எடுத்து வைத்துப் பார்த்தால், முதல் படியிலேயே வழுக்குகிறது.

முதலில், விதி என்னதான் சொல்கிறது?

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 16-வது பிரிவில், 8-ஆம் வகுப்பு முடியும்வரை எந்தக் குழந்தையையும் அதே வகுப்பில் நிறுத்திவைக்கக் கூடாது, பள்ளியை விட்டு வெளியேற்றவும் கூடாது என்றது. 2010 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. 2019-இல் அந்தப் பிரிவு திருத்தப்பட்டு, 5, 8-ஆம் வகுப்புகளில் நிறுத்திவைக்கலாமா வேண்டாமா என்பது அந்தந்த அரசுகளின் முடிவுக்கு விடப்பட்டது. 2024 டிசம்பர் 16 தேதியிட்ட அரசிதழில் மத்திய அரசு தன் பள்ளிகளுக்கான விதியை வெளியிட்டது. கேந்திரிய வித்யாலயா, நவோதயா, சைனிக் பள்ளிகள் என்று 3,000-க்கும் மேற்பட்டவை அதில் வருகின்றன. டெல்லி, குஜராத், ராஜஸ்தான் உட்பட 16 மாநிலங்களும் 2 யூனியன் பிரதேசங்களும் அதற்கு முன்பே இந்தப் பக்கம் வந்துவிட்டன. தமிழ்நாடு வரவில்லை, 2025 ஆகஸ்டில் வெளியிட்ட மாநிலக் கல்விக் கொள்கையிலும் 8-ஆம் வகுப்புவரை நிறுத்திவைப்பு இல்லை என்பதில் உறுதியாக நிற்கிறது. ஆக, உங்கள் அக்கா மகன் திருச்சியில் அரசுப் பள்ளியில் படித்தால் இந்த விதி அவனுக்கு இல்லை. நீங்கள் மாற்றலாகி டெல்லிக்குப் போய், மகளை அங்கே பள்ளியில் சேர்த்தால் உண்டு.

செய்தித் தலைப்புகளில் அதிகம் வராத பகுதி இனிமேல்தான். ஒரு குழந்தை 5-ஆம் வகுப்புத் தேர்வில் தோற்றால் உடனே நிறுத்திவைக்க முடியாது. கூடுதலாகச் சொல்லிக்கொடுத்து, முடிவு வந்த இரண்டு மாதத்துக்குள் மறுதேர்வு வைக்க வேண்டும். அதிலும் தோற்றால்தான் அதே வகுப்பு. பள்ளியை விட்டு அனுப்பக் கூடாது. நிறுத்திவைக்கப்பட்ட பிள்ளைகளின் பட்டியலைத் தலைமையாசிரியர் வைத்திருந்து, அவர்களுக்குத் தரப்படும் தனிக் கவனிப்பை நேரடியாகக் கண்காணிக்க வேண்டும். தேர்வும் மனப்பாடத்தைச் சோதிப்பதாக இருக்கக் கூடாது.

அந்த இரண்டு மாதத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வருவோம்.

உங்க மேனேஜர் ஜப்பானிய மொழியில் ரிப்போர்ட் கேட்டால்?

பரிசும் தண்டனையும் நடத்தையை மாற்றும் என்ற கோட்பாட்டைச் சொன்னதும் எல்லாருக்கும் நினைவுக்கு வரும் பெயர் பி.எஃப்.ஸ்கின்னர். அமெரிக்க உளவியலாளர். வேடிக்கை என்னவென்றால், தண்டனையால் கற்பிப்பதை அவரே விரும்பியதில்லை. 1953-இல் தன் மகளின் கணக்கு வகுப்பைப் பார்க்கப் போனார். சில பிள்ளைகள் முடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்க, சிலர் ஒன்றும் புரியாமல் விழிக்க, எல்லாரையும் ஒரே வேகத்தில் ஆசிரியர் இழுத்துக்கொண்டிருந்தார். தாங்கள் போட்டது சரியா தப்பா என்பதும் பிள்ளைகளுக்கு அப்போதே தெரியவில்லை. திரும்பி வந்த ஸ்கின்னர், பிள்ளைகளின் அலட்சியத்தைப் பற்றிப் புகார் எழுதவில்லை. ஒவ்வொருவரும் தன் வேகத்தில் போகும்படி ஒரு கற்பிக்கும் இயந்திரம் செய்ய உட்கார்ந்தார்.

அதற்குப் பின் வந்த ஊக்கக் கோட்பாடுகளில் எனக்கு ரொம்பப் பயன்பட்டது ஒரு எளிய பெருக்கல் கணக்கு. 1950-களில் ஜான் அட்கின்சன் தொடங்கி, பிறகு ஜாக்குலின் எக்கிள்ஸ் கல்விக்குள் கொண்டுவந்தது. ஒருவர் ஒரு வேலையில் எவ்வளவு முயல்வார் என்பது இரண்டைப் பொறுத்தது: அந்த வேலை தனக்கு எவ்வளவு முக்கியம், முயன்றால் தன்னால் முடியும் என்று எவ்வளவு நம்புகிறார். இவற்றைக் கூட்டக் கூடாது, பெருக்க வேண்டும். ஒன்று பூஜ்யமானால் விடை பூஜ்யம்.

உங்க ஆஃபீஸையே எடுத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை காலை மேனேஜர் கூப்பிட்டு, ‘வெள்ளிக்கிழமைக்குள் இந்த ரிப்போர்ட்டை ஜப்பானிய மொழியில் எழுதிக் கொடு, இல்லையென்றால் பி.ஐ.பி.’ என்கிறார். பயம் வருமா? கட்டாயம் வரும். ஜப்பானிய மொழி வருமா? வராது. செவ்வாய்க்கிழமை ரெஸ்யூமை அப்டேட் செய்வீர்கள். புதன்கிழமை லீவு போடுவீர்கள். தெரிந்தவர் யாராவது இருந்தால் எழுதி வாங்கிக் கொடுப்பீர்கள். பத்து வயதுப் பிள்ளையிடம் இருப்பதும் இதே வழிகள்தான்: வயிற்றுவலி என்று லீவு, பக்கத்துப் பையன் பேப்பர், கடைசியாகப் பள்ளிக்கே வராமல் நின்றுவிடுவது.

உதாரணம் கொஞ்சம் மிகையாகத் தெரிகிறதா? எண்களைப் பார்ப்போம்.

வகுப்பு ஐந்து, வாசிப்பு இரண்டு

‘ஏசர்’ என்பது பிரதம் என்ற தன்னார்வ அமைப்பின் துணையோடு 2005 முதல் கிராமப்புற வீடுகளில் நடத்தப்படும் ஆய்வு. பள்ளியில் வைத்துக் கேட்பதில்லை. வீட்டுக்குப் போய், பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, எழுத்து, சொல், சின்னப் பத்தி, இரண்டாம் வகுப்பு அளவில் ஒரு கதை என்று அதன் தாய்மொழியிலோ பள்ளி மொழியிலோ வாசிக்கச் சொல்வார்கள். 2024 ஆய்வு 605 மாவட்டங்களில் சுமார் 6.5 லட்சம் பிள்ளைகளைச் சந்தித்தது. அதில் 5-ஆம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புக் கதையை வாசிக்க முடிந்தவர்கள் 48.8%. மூன்று இலக்க எண்ணை ஓர் இலக்க எண்ணால் வகுக்க முடிந்தவர்கள் 30.7%. 8-ஆம் வகுப்பிலும் வகுத்தல் தெரிந்தவர்கள் பாதிக்குக் குறைவுதான், 45.8%.

சட்டத்தில் தேர்வு வைக்கச் சொல்லும் அதே இரண்டு வகுப்புகள் இவை.

இதைவிட எனக்கு அதிர்ச்சி தந்தது நகரத்தில் கிடைத்த ஒரு கணக்கு. பொருளாதார அறிஞர் கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், அலெஹாந்த்ரோ கனிமியன் மூவரும் டெல்லி அரசுப் பள்ளி மாணவர்கள் சுமார் 600 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2019-இல் வெளியானது. 6-ஆம் வகுப்பு மாணவர்கள் கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தார்கள். 9-ஆம் வகுப்பில் அந்த இடைவெளி நாலரை வகுப்பு. சராசரிதான் இப்படி; ஒரே வகுப்பறைக்குள் முன்னால் இருப்பவருக்கும் பின்னால் இருப்பவருக்கும் ஐந்தாறு வகுப்பு வித்தியாசம் இருந்தது. வழக்கமான பள்ளிப் பாடம் மட்டும் கிடைத்த மாணவர்களில், ஆரம்பத்தில் கடைசி மூன்றில் ஒரு பங்கில் இருந்தவர்களிடம் அந்தக் காலம் முழுக்க அளவிடக்கூடிய முன்னேற்றமே தென்படவில்லை.

யோசித்துப் பாருங்கள். தினமும் யூனிஃபார்ம் போட்டு, பஸ் பிடித்து, வந்து உட்கார்ந்து போகிறார்கள். போர்டில் எழுதப்படுவது அவர்களுக்கு ஜப்பானிய மொழி.

ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்பே சொன்னதும் இதுதான். ஒரு குழந்தை தனியாகச் செய்யக்கூடியதற்கும், யாராவது கைபிடித்தால் செய்யக்கூடியதற்கும் நடுவில் ஒரு சின்ன இடம் இருக்கிறது. கற்றல் அங்கேதான் நடக்கும். அதற்கு மேலே வைத்துக் கற்பித்தால் காற்றில் கற்பித்த மாதிரி.

‘ஆல் பாஸ் வந்ததால்தானே தரம் சரிந்தது?’

பெரியப்பா விடமாட்டார். இந்தக் கேள்வி வரும், அதில் உண்மையும் கொஞ்சம் உண்டு. ஏசரில் 5-ஆம் வகுப்பு வாசிப்பு 2010-இல் பாதிக்குச் சற்று மேலே இருந்தது. சட்டம் வந்த பின் 2012-இல் 47% அருகே இறங்கியது. நிறுத்திவைப்பைத் திரும்பக் கேட்டவர்கள் காட்டியது இந்தச் சரிவைத்தான்.

ஆனால் அந்தக் கோட்டின் இரண்டு பக்கமும் பாருங்கள். சட்டம் வருவதற்கு முன்பும் கிட்டத்தட்ட பாதிப் பிள்ளைகளுக்கு வாசிக்க வரவில்லை. 2012-க்குப் பின், அதே சட்டம் அப்படியே இருக்கும்போதே, 2018-இல் 50.5% ஆனது. கொரோனாவுக்குப் பின் 2022-இல் 42.8%. 2024-இல் 48.8%. விதி அசையாத காலத்திலும் எண் ஏறி இறங்கியிருக்கிறது என்றால், எண்ணை அசைப்பது வேறு ஏதோ. 3-ஆம் வகுப்பு இன்னும் தெளிவாகக் காட்டும். அரசுப் பள்ளிகளில் இரண்டாம் வகுப்புப் பாடம் வாசிக்கத் தெரிந்தவர்கள் 2022-இல் 16.3%, 2024-இல் 23.4%. மூன்றாம் வகுப்பில் எந்த மாநிலத்திலும் புதிதாக ஃபெயில் வரவில்லை. அந்த இடைவெளியில் வந்தது, 2021-இல் தொடங்கிய ‘நிபுண் பாரத்’ போல, ஆரம்ப எழுத்தறிவிலும் எண்ணறிவிலும் கவனம் வைத்த திட்டங்கள்.

பயத்துக்குப் பதில் பரிசு கொடுத்தால்?

‘சரி, தண்டனை வேண்டாம், பரிசு கொடுக்கலாமே’ என்று உங்களுக்குத் தோன்றலாம். ஹார்வர்ட் பொருளாதார அறிஞர் ரோலண்ட் ஃப்ரையர் அமெரிக்க நகரங்களில் இதைப் பெரிய அளவில் செய்து பார்த்தார். முடிவுகள் 2011-இல் வெளியாயின. நியூயார்க்கில் தேர்வு மதிப்பெண்ணுக்குப் பணம். சிகாகோவில் கிரேடுக்குப் பணம். டாலஸில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, ஒரு புத்தகம் படித்து அதைப் பற்றிய சின்ன வினாத்தாளில் தேறினால் 2 டாலர்.

மதிப்பெண்ணுக்குப் பணம் கொடுத்த இடங்களில் கற்றல் குறிப்பிடும்படி உயரவில்லை. புத்தகத்துக்கு 2 டாலர் கொடுத்த டாலஸில் வாசித்துப் புரிந்துகொள்வது உயர்ந்தது. காரணம் தேடியபோது தெரிந்தது: மதிப்பெண் வேண்டும் என்ற ஆசை பிள்ளைகளுக்கு நிறையவே இருந்தது, அதை எப்படி உயர்த்துவது என்று தெரியவில்லை. ‘இன்னும் பணம் வாங்க என்ன செய்வாய்’ என்று கேட்டால், கேள்வியைக் கவனமாகப் படிப்பேன் என்ற மாதிரி தேர்வு உத்திகளைச் சொன்னார்கள். புத்தகத்தை எடுத்துப் படிப்பது அப்படியில்லை. அது கையில் இருக்கும் வேலை.

ஆசையே வழி காட்டாதபோது பயம் காட்டுமா? 1967-இல் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மையரும் நாய்களை வைத்துச் செய்த சோதனை பிரபலம். என்ன செய்தாலும் நிற்காத மின்அதிர்ச்சியை வாங்கிய நாய்கள், பிறகு தப்பிக்க வழி இருந்தபோதும் முயலாமல் படுத்துக்கிடந்தன. ‘கற்றுக்கொண்ட இயலாமை’ என்று பெயர் வைத்தார்கள். ஐம்பது வருடம் கழித்து, 2016-இல், மூளை ஆய்வுகளின் அடிப்படையில் அவர்களே அதைத் திருத்தினார்கள். நீண்ட துன்பத்தில் சோர்ந்து கிடப்பதுதான் மூளையின் இயல்பு. அதைக் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. கற்றுக்கொள்ள வேண்டியது ‘நான் செய்தால் மாறும்’ என்பதைத்தான். நாயிலிருந்து பள்ளிக்கு நேராகத் தாவ முடியாதுதான். ஆனால் தொடர்ந்து தோற்கும் பிள்ளையை ‘சோம்பேறி’ என்று எழுதிவைக்கும் முன் ஒரு நிமிடம் நிறுத்த இது போதும்.

(பொதுத்தேர்வுக்கு முன் பள்ளிகளில் மைக் பிடித்துக் கத்தும் ‘மோட்டிவேஷன் ஸ்பீச்’ பற்றி எனக்கு இருக்கும் எரிச்சலை இங்கே கொட்டவில்லை. பெருக்கல் கணக்கில் அது ஒரு பக்கத்தை மட்டும் அரை மணி நேரத்துக்கு ஏற்றிவிடும். அவ்வளவுதான்.)

நிறுத்திவைத்த ஊர்களில் என்ன நடந்தது?

சிகாகோ 1996-இல் இதே மாதிரி ஒரு முடிவு எடுத்தது: 3, 6, 8-ஆம் வகுப்புகளில் தேர்வில் தேறாதவர்களை நிறுத்திவைப்பது. பிறகு பிரையன் ஜேக்கப், லார்ஸ் லெஃப்கிரன் இருவரும் அந்தப் பிள்ளைகளைப் பல வருடம் பின்தொடர்ந்தார்கள். மயிரிழையில் தேறியவர்களையும் மயிரிழையில் தோற்றவர்களையும் ஒப்பிட்டார்கள். 6-ஆம் வகுப்பில் நின்றவர்களுக்குப் பள்ளிப் படிப்பை முடிப்பதில் பெரிய வித்தியாசம் இல்லை. 8-ஆம் வகுப்பில் நின்றவர்கள் பாதியில் விடுவது அதிகமானது. உருகுவேயில் மார்கோ மனகோர்டா இதே முறையில் பார்த்தபோது, நிறுத்திவைக்கப்பட்டவர்கள் நாலைந்து வருடம் கழித்து மற்றவர்களைவிடக் குறைவான வருடங்களே படித்திருந்தார்கள்.

எதிர்ப்பக்கத்து வலுவான உதாரணம் ஃப்ளோரிடா. அங்கே 2002-03 முதல், வாசிக்கத் தெரியாத 3-ஆம் வகுப்புப் பிள்ளைகள் நிறுத்திவைக்கப்படுகிறார்கள். அவர்களுடைய வாசிப்பு உயர்ந்தது, அடுத்த சில வருடங்களில் அந்த ஆதாயம் கரைந்தாலும். ஆனால் அங்கே நிறுத்திவைப்பு தனியாக வரவில்லை. கோடைக்கால வாசிப்பு முகாம், தினமும் 90 நிமிட வாசிப்புப் பயிற்சி, நல்ல ஆசிரியரிடம் இடம் என்று ஒரு மூட்டையாக வந்தது. வேலை செய்தது ஃபெயிலா, மூட்டையா? பிரித்துச் சொல்வது கஷ்டம். மூட்டை இல்லாமல் ஃபெயிலை மட்டும் வாங்கிக்கொண்டால் என்ன கிடைக்கும் என்று ஊகிப்பது அவ்வளவு கஷ்டமில்லை.

டெல்லியில் 2023-24 கல்வியாண்டில் அரசுப் பள்ளிகளில் 46,000-க்கும் மேற்பட்ட 8-ஆம் வகுப்பு மாணவர்கள் தேறவில்லை என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வெளிவந்தது. அதே வருடம் 9-ஆம் வகுப்பில் தேறாதவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். நாடு முழுவதும் 2024-25-இல் இடைநிற்றல் 6 முதல் 8-ஆம் வகுப்புவரை 3.5%, 9 முதல் 12 வரை 8.2% என்கிறது மத்திய அரசின் யூடைஸ் தரவு. 9-ஆம் வகுப்பில் ஃபெயில் எப்போதுமே இருந்திருக்கிறது. ‘அடி இருந்தால் படிப்பார்கள்’ என்ற கோட்பாட்டுக்கு அந்த வகுப்புதான் நேரடிச் சோதனைக்கூடம். அங்கே நமக்குக் கிடைப்பது லட்சம் தோல்விகள்.

ஐம்பது நாளில் இரு மடங்கு

இனி அந்த இரண்டு மாதம். ‘ஐந்து வருடத்தில் வராதது இரண்டு மாதத்தில் வருமா’ என்று கிண்டல் செய்யத் தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்தேன், உத்தரப் பிரதேசத் தரவைப் பார்க்கும்வரை.

2013-14-இல் அங்கே பிரதம் அமைப்பு அரசுப் பள்ளிகளுக்குள் 3 முதல் 5-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கற்றல் முகாம்கள் நடத்தியது. யார் எந்த வகுப்பு என்று பார்க்கவில்லை. எழுத்து தெரிந்தவர்கள் ஒரு குழு, சொல் வாசிப்பவர்கள் ஒரு குழு, பத்தி வாசிப்பவர்கள் ஒரு குழு. ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம் இந்தி, ஒன்றரை மணி நேரம் கணக்கு. எல்லாம் சேர்த்து சுமார் 50 நாள். முடிவில், முகாம் நடந்த பள்ளிகளில் பத்தியோ கதையோ வாசிக்கத் தெரிந்தவர்கள் முகாம் இல்லாத பள்ளிகளைவிட ஏறக்குறைய இரு மடங்கு. அதை அளந்த குழுவில் இருந்த அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்ளோவும்தான் 2019-இல் மைக்கேல் கிரெமரோடு சேர்ந்து பொருளாதார நோபல் வாங்கினார்கள். யாரையும் ஃபெயில் ஆக்கி மிரட்டவில்லை. பிள்ளைகள் அதே பிள்ளைகள்.

இதே முறையின் புத்தகங்களையும் பயிற்சியையும் உத்தராகண்டில் ஆசிரியர்களிடம் கொடுத்து, வழக்கமான வகுப்பில் பயன்படுத்தச் சொன்னபோது பலன் இல்லை. ஏனென்றால் ஆசிரியர் திரும்பவும் சிலபஸுக்குப் போய்விட்டார். ஹரியானாவில் இதற்கென்றே தினமும் ஒரு மணி நேரத்தை ஒதுக்கி, மேற்பார்வையும் வைத்தபோது அரசு ஆசிரியர்களாலேயே முடிந்தது.

ஆசிரியரைக் குறை சொல்வதற்கு முன் அதே கல்வி உரிமைச் சட்டத்தின் 24-வது பிரிவைப் படித்துவிடுங்கள். ஆசிரியரின் கடமைகளில் ஒன்று, முழுப் பாடத்திட்டத்தையும் குறித்த காலத்துக்குள் முடிப்பது. அடுத்த வரியிலேயே இன்னொன்று: ஒவ்வொரு குழந்தையின் கற்றல் திறனையும் கணித்து, தேவைப்பட்டால் கூடுதலாகச் சொல்லிக்கொடுப்பது. இரண்டும் சட்டம்தான். ஆனால் போர்ஷன் முடிந்ததா என்று கேட்க ஆள் வருவார். கடைசி பெஞ்சில் இருப்பவன் எந்த அளவில் இருக்கிறான் என்று கேட்க வருவது அபூர்வம்.

தமிழ்நாடு இந்தப் பாதையில் கொஞ்சம் நடந்திருக்கிறது. 2022-இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துப் பிரிப்பது இதே யோசனைதான். ஆனால் நாம் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளவும் முடியாது. 2022, 2024 இரண்டு ஏசர் ஆய்வுகளிலும் 5-ஆம் வகுப்பு வாசிப்பில் தமிழ்நாடு தேசிய சராசரிக்குக் கீழே. ஃபெயில் இல்லை என்பது பிள்ளையை வகுப்பில் தக்கவைக்கும், வாசிக்கவைக்காது. அதற்குத் தனி வேலை செய்ய வேண்டும்.

ஆக, டெல்லியிலோ ஜெய்ப்பூரிலோ அடுத்த கோடையில் ஒரு குழந்தை 5-ஆம் வகுப்பில் தோற்கும்போது, அந்த இரண்டு மாதம் எதற்குச் செலவாகிறது என்பதுதான் கேள்வி. இரண்டாம் வகுப்பு அளவில் இருப்பவளை அங்கிருந்து கைபிடித்துக் கூட்டிவந்தால் அறுபது நாளில் நிறையவே நடக்கும். ஆனால் மறுதேர்வு 5-ஆம் வகுப்புப் பாடத்தில். அதனால் பள்ளிகள் என்ன செய்யும்? அதே ஐந்தாம் வகுப்புப் பாடத்தை, அதே வேகத்தில், இன்னொரு தடவை நடத்தவே வாய்ப்பு அதிகம்.

உங்கள் வீட்டுப் பிள்ளைக்கே இது நேர்ந்தால், பேரன்ட்ஸ் மீட்டிங்கில் ‘ஏன் ஃபெயில்’ என்பதை விட்டுவிட்டு, ‘இவள் இப்போது எந்த வகுப்புப் பாடத்தைத் தானாக வாசிக்கிறாள், நாளையிலிருந்து எங்கே தொடங்கப் போகிறீர்கள்’ என்று கேளுங்கள். நிறுத்திவைக்கப்பட்டவர்களின் பட்டியல் தலைமையாசிரியரிடம் இருக்க வேண்டும் என்று விதியே சொல்கிறது. மறுதேர்வுக்கு முன் எத்தனை பேருக்கு, எத்தனை நாள், எந்த அளவிலான பாடம் நடத்தப்பட்டது என்ற மூன்று பத்திகளும் அந்தப் பட்டியலில் இருந்தால், பெரியப்பாவின் கோட்பாடு சரியா தப்பா என்பதை இரண்டு வருடத்தில் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம். தகவல் அறியும் உரிமை மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய்.